வால் இல்லாத புலியும் நாலாம் மாடி லிஃப்டும்

லிஃப்ட் மெக்கானிக்கின் மானம் இரண்டு வாரமாக நாலாம் மாடியில் காற்றில் பறந்துகொண்டிருந்தது. மத்தியான நேரத்தில் நாலாம் மாடிக்கு வரும் லிஃப்ட் கதவைத் திறக்கும். அப்புறம் மூடாது. யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி அப்படியே கிடக்கும். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் போதும், ஒழுங்காக மூடித் திறந்து மூடும்.

"நீ வந்தா மட்டும் நல்ல பிள்ளையா நடந்துக்குது. உன்னைப் பார்க்கணும்னுதான் இப்படிப் பண்ணுதோ என்னவோ" என்றாள் நாத்தனார். அவள் மெக்கானிக்கின் கணவனுக்கு அக்கா, அந்தக் கட்டடத்துக்குச் செயலாளர், குடியிருப்பதும் நாலாம் மாடியில். ஒரே ஆள் மூன்று பக்கமும் இடித்தால் மனுஷி எங்கே போவாள்?

அன்று மத்தியானம் விஷயம் விளையாட்டில்லை. நாத்தனாரின் எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. அவள் மகள் பள்ளி நாடகத்தில் புலி. உடையெல்லாம் காலையிலேயே போய்விட்டது, வால் மட்டும் தையல் மிஷின் மேலேயே தங்கிவிட்டது. அம்மா முன்வரிசையில் இருந்தால்தான் உறுமுவேன் என்று புலி வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தது. டெய்லரம்மா சக்கர நாற்காலியில், மடியில் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆட்டோ காத்திருந்தது.

மெக்கானிக் வழக்கம்போல முதலில் மஞ்சள் பலகையை விரித்து லிஃப்ட் வாசலுக்கு வெளியே நிறுத்தினாள். 'வேலை நடக்கிறது, அருகில் வராதீர்கள்.' இடுப்பளவு உயரம். அதை வைக்காமல் அவள் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. பிறகு பலகையைத் தாண்டி உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள். கதவு மூடியது. திறந்தது. மூடியது.

"பார்த்தீங்களா, நல்லாத்தான் இருக்கு."

"இதைத்தான் போன வாரமும் சொன்னே" என்றாள் நாத்தனார்.

போன வாரம் கதவுச் சென்சாரையே புதிதாக மாற்றியிருந்தாள். கதவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்ச இழைகள் ஓடும். ஏதாவது குறுக்கே வந்து இழை அறுந்தால் கதவு மூடாது. மொட்டைமாடியில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டியும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னது, வாசலில் தடை என்று. என்ன தடை? கொசு கூட இல்லை.

பலகையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள்.

கதவு அசையவில்லை.

"சக்கரம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கா பாரு" என்றாள் டெய்லரம்மா. நீட்டவில்லை. நாற்காலியை வெளியே எடுத்தும் கதவு அசையவில்லை.

"அந்தச் சென்சாரையே கழட்டி வீசிட்டு அனுப்பிவிடேன்" என்றாள் நாத்தனார்.

"அப்புறம் கதவு வந்து மாவுக்கட்டுல மோதும். ஒரு கால் உடைஞ்சது போதாதா அண்ணி?"

"எனக்கு ஒண்ணு போதும்பா" என்றாள் டெய்லரம்மா அவசரமாக.

லிஃப்ட் பழுது என்றால் உடனே பலகை. அது கைப்பழக்கம். மெக்கானிக் யோசித்துக்கொண்டே பலகையை எடுத்துத் திரும்ப வாசல் முன்னால் வைத்தாள்.

கதவு மெல்ல மூடியது.

மூன்று பேரும் கதவையே பார்த்தார்கள். அவள் அதைத் திறந்துவிட்டுப் பலகையை எடுத்தாள். கதவு பிளந்தபடி நின்றது. வைத்தாள். மூடியது.

"பலகைக்குப் பயப்படுதா?" என்றாள் டெய்லரம்மா.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அவள் வந்ததால் சரியாகவில்லை, பலகை வந்ததால் சரியாகியிருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே பழுதைத் தானே மறைத்து வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தேடியிருக்கிறாள்.

பலகை எதை மறைக்கிறது? அதை நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். சுளீரென்று கண் கூசியது. அவள் தோளில் ஒரு வெயில் சதுரம். படிக்கட்டு ஜன்னல் வழியாக வந்த மத்தியான வெயில், நேரே எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பட்டு, அங்கிருந்து லிஃப்ட் கதவின் ஓரத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு வெயில் கண்ணில் அடித்தால் சென்சாருக்கு இழை எங்கே தெரியும்?

அந்த ஆளுயரக் கண்ணாடி இரண்டு வாரத்துக்கு முன்னால் நாத்தனாருக்கு மெக்கானிக்கே பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. "வீட்டுக்குள்ள வைக்க ரொம்பப் பெருசு" என்று நாத்தனார் அதை நடையில் மாட்டியிருந்தாள். அந்த வருத்தம் இவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. பழுது லிஃப்ட்ல இல்ல, உங்க கண்ணாடியில."

"அதானே. சுத்திச் சுத்தி என் தலையிலதான் வந்து விடியும்."

"தலையோட சேர்த்து முழுசா வேணும். கொஞ்சம் கண்ணாடி முன்னாடி வந்து நில்லுங்க."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றாள். வெயில் சதுரம் அணைந்தது. மெக்கானிக் முதலில் காலி லிஃப்டை அனுப்பி வரவழைத்துப் பார்த்தாள். கதவு சொன்னபடி கேட்டது.

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. இவங்களைக் கீழே விட்டுட்டு வர்றேன்."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"உங்களுக்குக் கண்ணாடி முன்னாடி நிக்கவா கஷ்டம்?" என்றாள் டெய்லரம்மா, வாலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கதவு மூடியது.

ஆட்டோவில் டெய்லரம்மாவையும் நாற்காலியையும் ஏற்றி, வால் ஏறியாகிவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்து அனுப்பிவிட்டு மெக்கானிக் மேலே வந்தாள். நாத்தனார் கண்ணாடி முன்னால்தான் நின்றாள். கொண்டையைப் பிரித்து, வேறு மாதிரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சுது அண்ணி. நகரலாம்."

"இரு. இந்தப் பக்கம் சரியா வரல." கண்ணாடிக்குள்ளிருந்தே அவளைப் பார்த்தாள். "படுக்கையறையில அலமாரியைத் தள்ளினா இது உள்ளே போகுமா?"

"தாராளமா."

"அப்போ ஏன் நிக்கிறே? அந்த ஓரத்தைப் பிடி."

இருவரும் அலமாரியைத் தள்ளிக் கண்ணாடியை மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்போது நாத்தனாரின் போன் அடித்தது, டெய்லரம்மா. எடுத்ததும் கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேலே ஒரு சின்னக் குரல், வீடு அதிர உறுமியது.

"உனக்குத்தானாம்" என்று நாத்தனார் போனை மெக்கானிக்கின் காதில் வைத்தாள்.