முழங்கால் உயரம்

1931 கோடையில் ஹாவ்விக் தேவாலயத்தின் வாசலை ஆறடி உயர்த்திக் கட்டினார்கள். மாப்பிள்ளைகளாக உள்ளே போனவர்கள், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது நுழைய முடியவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நார்வேயின் மேற்குக் கரையிலிருக்கும் அந்த ஊரில், கயிற்றுக்கடை மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த குட்னி, தம்பதியை முழு உருவமாக எடுக்கும்போது கேமராவைத் தொப்புள் உயரத்தில் நிறுத்துவாள். கடவுள் கொடுத்த அளவு அப்படியே பதியும். மீன் டப்பாத் தொழிற்சாலை முதலாளி அஸ்லாக் ஹோல்டே கட்டையான மனிதர். தன் திருமணத்தன்று, "என்னம்மா, என்னை வாத்து மாதிரி காட்டப்போறியா? முழங்காலுக்கு இறக்கு" என்றார். இறக்கினாள். படத்தில் கால்கள் நீண்டன. படம் காய்வதற்குள் அசலிலும் நீளத் தொடங்கிவிட்டன; பிறகு நிற்கவேயில்லை. பிறகு எந்த மாப்பிள்ளையும் தொப்புளுக்குச் சம்மதிக்கவில்லை. வங்கி மேலாளர் வளர்ந்தார். தபால் அதிகாரி மேலிடத்துக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்தபின் வளர்ந்தார். ஊருக்குப் பனி விழுவதற்கு ஒரு வாரம் முன்பே முதலாளியின் தொப்பியில் விழுந்தது. அதை அவர் தனக்குரிய மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். பெண்கள் மட்டும் வளரவில்லை. மணப்பெண் நாற்காலியில் உட்காருவதுதான் வழக்கம். உட்கார்ந்தவர்களுக்கு அது பலிப்பதில்லை.

குட்னி கட்டிக்கொண்ட ஐலெர்ட், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன், அவள் காது உயரமே இருந்தான். எக்காமல் குனியாமல் அந்தக் காதுக்குள் எதையாவது கிசுகிசுப்பான். அவள் வேலையை நிறுத்திவிட்டுச் சிவந்துபோவாள். 1926-இல் அவர்களுடைய திருமணத்தன்று துறைமுகத்து மீன்காரிகள், "மாப்பிள்ளை எங்கடி? பூச்செண்டுக்குப் பின்னாடி நிக்கிறாரா?" என்று கத்தினார்கள்.

"ஊருக்கே பண்றே, எனக்குப் பண்ண மாட்டியா?" என்றான் ஐலெர்ட்.

"உன் வாய் என் காதுகிட்ட இருக்கு. எனக்கு அது போதும்."

"அவங்க சிரிக்கிறது என்னைப் பாத்துல்ல!"

இறக்கினாள். அன்பு மிகுதியில் முழங்காலுக்கும் நாலு விரல் கீழே இறக்கிவிட்டு, ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐலெர்ட், கேமராவிலிருந்து நீண்ட குழாயின் ரப்பர் குமிழை அழுத்திப் படமெடுத்தான்.

ஐந்தே வருடத்தில் அவன் புகைபோக்கியைத் தாண்டினான். ஸ்டூலில் ஏறி அவனுக்கு முகம் மழித்தவள், பிறகு ஏணியில் ஏறினாள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும், அவன் பேச்சு அவளிடம் வந்துசேர்வதற்குள் துறைமுகம் முழுக்கக் கேட்டது. அவள் கழுத்து மச்சத்தைப் பற்றி ஒருநாள் ஏதோ சொன்னான்; மறுநாள் மீன்காரிகள் மச்சத்தை நலம் விசாரித்தார்கள். அதன்பின் அவன் அவளிடம் வானிலை மட்டுமே பேசினான். இருபது வருடம் வானிலை.

திருமண வெள்ளி விழாவுக்கு மறுபடி படமெடுப்பது ஊர் வழக்கம். மேலிருந்து எடுத்தால் குறைந்துவிடுவான் என்று குட்னிக்குத் தெரியும். ஆனால் அவன் தலைக்குமேல் முக்காலி வைக்க ஊரில் இடமில்லை. ஆகவே கடற்கரையில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தாள். நாற்காலி வேண்டாமென்று அவன் பக்கத்தில் நின்றாள். "பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு உசரம்?" என்று அஸ்லாக் ஹோல்டே மேலேயிருந்து ஆட்சேபித்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வசந்தம் வந்தபோது அவள் அவன் காதை எட்டியிருந்தாள்.

"அன்னிக்கு நான் இறக்கியிருக்கக் கூடாது, ஐலெர்ட்" என்று கிசுகிசுத்தாள்.

இருபத்தைந்து வருடக் கடற்காற்று அவன் காதுகளைச் செவிடாக்கியிருந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "ஆமா, குளிருது" என்றான் ஊருக்கே கேட்கும்படி. தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் கழுத்தில் சுற்றிவிட்டான். கீழே மீன்காரிகள் யாரும் சிரிக்கவில்லை.

அதே ஆண்டு கப்பல்காரர்கள் துறைமுக வரைபடத்தில் அவர்களை வழிகாட்டும் அடையாளமாகக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு தலைகளும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியும்வரை கப்பலைத் திருப்பினால், பாறையில் மோதாமல் உள்ளே வந்துவிடலாம்.