மேங் சார் ஸ்பூனை எடுக்கட்டும்

மேங் சார் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு மேலே யாராவது இருக்க வேண்டும். கம்பெனியின் ஜியோன்ஜு ஊர்க் கிளையில் அவருக்கு மேலே கூரைதான் இருந்தது.

முந்தைய இரவு கம்பெனி விருந்து என்று சொல்லி எல்லோர் வாயிலும் சோஜு சாராயத்தை ஊற்றியவர் அவர். காலையில் அந்த வயிறுகளை ஆற்றுகிறேன் என்று சந்தைக்குள் இருக்கும் குக்பாப் என்னும் சூப்புச் சோற்றுக் கடைக்கு இழுத்து வந்தவரும் அவரே. வந்தவர்கள் இரண்டே பேர். ஒப்பந்த வேலையில் இருக்கும் இளம்பெண் சுல்பி. ஐம்பதைத் தாண்டிய விற்பனையாளர் பியோ. மூன்று பேர் சட்டையிலும் கொதிகலன் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.

கடைக்காரம்மா ஆறின சோற்றின் மேல் கொதிக்கும் சூப்பை ஊற்றி வடித்தாள். மறுபடி ஊற்றி வடித்தாள். நாக்கு தாங்கும் சூட்டுக்கு வந்ததும் சோயா முளையை அள்ளிப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சோறு யாருக்காகவும் காத்திருக்காது. கொஞ்சம் விட்டால் ஊறிக் கூழாகிவிடும். பக்கத்துக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை. அதில் சூடான சூப்பை விட்டு, கடற்பாசித் தாளை நொறுக்கிப் போட்டுக் குடித்தால்தான் சுல்பியின் தலை கழுத்தில் உட்காரும்.

ஆனால் பெரியவர் ஸ்பூனை எடுக்காமல் மற்றவர்கள் எடுக்கக் கூடாது. வயதில் பெரியவர் பியோ. பதவியில் பெரியவர் மேங் சார். அலுவலகத்துச் சட்டையோடு உட்கார்ந்தால் பதவிதான் வயது.

"சியோல்ல நான் போற கடையில சோறு தனி, சூப்பு தனி," என்றார் மேங் சார். "அதான் நாகரிகம். இதென்ன, எல்லாத்தையும் கொட்டிக் கொழப்பி... என்ன பியோ?"

"நீங்க சொன்னா சரிதான் சார்." ஜியோன்ஜுவில் பிறந்து இந்தச் சோற்றிலேயே வளர்ந்த மனிதர் சொன்னார்.

சுல்பி பியோவைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவளும் தலையாட்டினாள். அவளை நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறவர் மேங் சார்.

மேங் சார் ஸ்பூனை எடுத்தார். பியோவின் கை பாய்ந்தது. மேங் சாரோ ஸ்பூனால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "இது போன வருஷ விற்பனை. இப்பிடி ஏறுது, இங்க வந்து இப்பிடி விழுது..."

சுல்பி யோசித்தாள். எடுத்தாலே எடுத்த கணக்கா, வாயில் வைத்தால்தான் கணக்கா? பியோ தன் ஸ்பூனைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார். அவளுக்கு வழி காட்ட இந்த மேஜையில் இருந்தவர் இவர்தான்.

கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சோறு திங்க வந்தீங்களா, சோத்துக்குக் காவல் இருக்க வந்தீங்களா?"

மேங் சார் சிரித்தார். அந்தக் கடையில் எல்லோருக்கும் அவள் சித்திதான். "பேசிட்டிருக்கோம்ல சித்தி. பாருங்க, ஆறிடுச்சு. கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்திருக்கலாம்ல?"

"கொதிக்கக் கொதிக்க வேணுமா? உன் வாய்க் காத்துல கொதிகலனே அணைஞ்சு போகும். ஊரையே சூடா வைக்கிறோம்னு சட்டையில தெச்சு வச்சிருக்கீங்க. ஒரு கிண்ணம் சூப்பச் சூட்டோட திங்கத் துப்பில்ல."

மேங் சாரின் கிண்ணத்தைத் தூக்கினாள். அடுத்து பியோவுடையது, அவர் அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று கிண்ணத்தை முன்னால் தள்ளியே கொடுத்தார். பிறகு சுல்பியின் கிண்ணத்துக்குக் கை வந்தது.

சுல்பி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இது என்னுது. விடுங்க சித்தி."

ஸ்பூனை எடுத்து ஒரு வாய் வைத்தாள்.

"சுல்பி," என்றார் மேங் சார். "நான் இன்னும் ஆரம்பிக்கலையே."

"உங்களுக்குத்தான் கிண்ணமே இல்லையே சார்."

பியோ மேஜையைப் பார்த்தார். மேங் சாரின் காது சிவந்தது. "சரி. மாசக் கடைசியில பேசிக்கலாம். வாங்க பியோ, வெளிய மெஷின்ல காப்பி குடிப்போம்."

பியோ எழுந்தார். சுல்பியின் சோற்றை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

மாதக் கடைசியில் என்ன ஆகும் என்பது சுல்பிக்கு அந்தக் காதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டாவது வாய் வைத்தாள். சோறு கூழாகியிருந்தது. ஆறின சூப்பை விட்டும் முட்டை இறுகவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றாள் கடைக்காரம்மா.

"கூழ்."

"பின்ன? அவன் வெளியூர்க்காரன். நீ இந்த ஊருப் பொண்ணு, உனக்கு எங்க போச்சு புத்தி? இவ்வளவு நேரம் ஆச்சா உனக்கு?"

கிண்ணத்தைச் சுல்பியே முன்னால் தள்ளினாள். "வேற ஒண்ணு போடுங்க."

புதுக் கிண்ணம் வந்ததும் சூப்பை முட்டையில் விட்டாள். வெள்ளை மெல்ல இறுகியது. ஊதாமல் குடித்தாள், தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு இறங்கியது. முளை பல்லில் நறுக்கென்றது.

கண்ணாடிக்கு வெளியே மேங் சார் காற்றில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே பியோ காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, இன்னும் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.