ஜெரினா வீட்டின் நீளம்

1998-ஆம் வருஷம் ஐப்பசி மழை விட்ட நாலாம் நாள், தண்டையார்பேட்டை குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், ஆறாவது பிளாக் மூன்றாம் மாடியில் இருந்த ஜெரினாவின் வீடு உள்பக்கமாக ஒரு முழம் நீண்டது. வெளியே கட்டடம் இருந்தபடியேதான் இருந்தது. தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே அதுவரை துடைப்பம்கூட நுழையாது. அன்று காலை ஜெரினாவே உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். புருஷன் ஹபீபுல்லா காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போயிருந்ததால், சங்கதியை அவள் முதலில் சொன்னது பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளிடம்தான்.

"அக்கா, வூடு நீண்டுகீது. வந்து பாரேன்."

சொக்கம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆயாவாக இருந்தாள். இரண்டு பெண்களும் ஒரே நாளில் சாவி வாங்கிக் குடி வந்தவர்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சொக்கம்மாள் தரையில் கையூன்றி முழம் போட்டு அளந்தாள். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. "நல்லதும்மே" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதையும் அளந்தாள். பத்துதான். சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அங்கே கூடியது இங்கேயிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும் சாக்கில் அளந்துகொண்டே வந்தாள். ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அதுதான் அவளை அதிகமாக வாட்டியது. குறைந்திருந்தால் சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அடுத்த வருஷம் ஜெரினாவின் வீடு மூன்று முழம் நீண்டது. அதற்கடுத்த வருஷம் ஒன்பது. இரண்டாயிரத்தில் கடைசிச் சுவரில் ஒரு ஜன்னல் வந்தது. அதன் வழியாகக் கடலும், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களும் தெரிந்தன. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால் அந்த இடத்தில் வெறும் சுவர்தான். எதிரே எண்ணெய் டாங்குகள். அந்த ஜன்னலில் வந்த காற்றில் எண்ணெய் வாடை இல்லை. பிளாக் ஜனங்கள் ஒரு வாரம் வரிசையில் வந்து பார்த்தார்கள். பிறகு தண்ணி லாரி ஏன் வரவில்லை என்ற பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சொக்கம்மாளால் அப்படித் திரும்ப முடியவில்லை. அவள் வீட்டில் நான்கு பேர், ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு கலர் டிவி. ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற மூவரும் புரள வேண்டும். வடிவுடையம்மன் கோயிலுக்கு எத்தனை பௌர்ணமி நடந்திருக்கிறாள்! ஜெரினாவோ வாங்கிய ரவிக்கைத் துணியைச் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்ததே இல்லை. அரிசியில் கல் பொறுக்க மாட்டாள். புருஷனோடு மாடிப்படி அதிரச் சண்டை போடுவாள். அவள் உத்தமியாக இருந்திருந்தால்கூடச் சொக்கம்மாள் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஒன்றுமே செய்யாத ஒருத்திக்கு வீடு எப்படி நீளும்? சோறு இறங்கவில்லை அவளுக்கு. இரண்டு வருஷத்தில் வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறின.

முதலில் மகள் மாயா புத்தகத்தோடு அங்கே போனாள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று சொக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு மகன் எழிலன் நண்பர்களோடு கேரம் ஆட அங்கே போனான். 2001-இல் புருஷன் அசோகனும் போனார். திருவொற்றியூரில் அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனி, புது மெஷின்கள் வந்ததும் பாதிப் பேரைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கு மிச்சமானது நெஞ்சுச் சளி. காலையில் பல் துலக்கியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஜெரினா வீட்டு ஜன்னலடியில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார்.

"இன்னாத்துக்கு அங்கியே குந்திகினு கீற? நம்ம வூட்ல ஜன்னல் இல்லியா?" என்று ஒருநாள் தட்டை ஓங்கி வைத்தாள் சொக்கம்மாள்.

"கீது சொக்கு. தொறந்தா கக்கூஸ் பைப்பு தெரியுது," என்றார் அசோகன். சோற்றைப் பிசைந்தபடியே, "அங்க மூச்சு வாங்க மாட்டேங்குது" என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது பேச்சுதான் அவளைச் சுட்டது. மறுநாளே வாரியத்துக்கு மனு எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அனுமதியின்றி வீட்டை நீட்டியிருக்கிறார்கள், அளந்து பார்த்து அலாட்மெண்டை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு மாசம் கழித்து அய்யாத்துரை என்ற அதிகாரி டேப்போடு வந்தார். வரைபடத்தில் பதினைந்தடி. உள்ளே அறுபத்தோரடி. வெளியே போய்ப் பிளாக்கைச் சுற்றி அளந்தார். வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. மூன்று தடவை ஏறி இறங்கியதில் அவருக்கு வியர்த்துவிட்டது. ஜெரினா கொடுத்த டீயைக் குடித்தார். இதை எழுத ஃபாரத்தில் இடம் இல்லை என்று சொல்லி, "கட்டடம் வரைபடத்தின்படி உள்ளது" என்று எழுதினார். பிறகு மனுவை எல்லார் முன்னாலும் வாசித்தார், மனுதாரர் பெயர் உட்பட.

ஜெரினா நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்தாள். "என்னாண்ட கேட்டுருந்தா சாவியே குட்த்துருப்பேனே அக்கா. கவர்மெண்டாண்ட போய் கேட்டியா?"

"ஒன் சாவி எனக்கு இன்னாத்துக்குடி? எனக்கு என் வூடு நீளணும்!" என்றாள் சொக்கம்மாள். அவ்வளவு நாளும் அடக்கி வைத்தது, படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாரும் கேட்க வெளியே வந்துவிட்டது.

இருவருக்கும் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நின்றது. ஆனால் மாயாவும் அசோகனும் போவது நிற்கவில்லை. ஜெரினா அவர்களை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதையும் சொக்கம்மாளால் தாங்க முடியவில்லை.

2004 பங்குனியில் அசோகன் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். காலை ஒன்பது மணிக்குக் கொண்டு வந்து பத்து முழ வீட்டில் கிடத்தியபோது, அவர் கால்மாட்டில் மூன்று பேர் உட்காரத்தான் இடம் இருந்தது. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் சொந்தக்காரர்கள், கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் என்று இருநூறு பேர் படிக்கட்டில் வெயிலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஜெரினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அக்கா, அண்ணன எங்க வூட்டுக்கு எத்துகினு வரச் சொல்லு. எல்லாரும் ஒக்காரலாம்."

சொக்கம்மாள் தலையை நிமிர்த்தினாள். "செத்தும் அங்கதானா?" என்றாள். "வாணாம். அவுரு இங்கியே கெடக்கட்டும்."

ஜெரினா திரும்பிப் போனாள். தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து, படிக்கட்டில் நின்ற இருநூறு பேரையும் அழைத்துப்போனாள். பிளாக் முழுக்கப் போய்ப் பாய் வாங்கி வந்து விரித்தாள். ஹபீபுல்லா ஐஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அத்தனை பேரும் உட்கார்ந்த பிறகும் இடம் இருந்தது. மாலைகளும் அழுகையும் வந்து வந்து போயின. நடுப்பகலுக்கு மேல் பிள்ளைகளும் ஜெரினா வீட்டுக்குப் போய்விட, பத்து முழ வீட்டில் சொக்கம்மாளும் அசோகனும் மட்டும் மிஞ்சினார்கள். கல்யாணம் ஆன இருபத்து மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் மட்டும் ஒரு வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. அவள் அவர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அன்றுவரை சொல்ல இடம் கிடைக்காத பல விஷயங்களை அவரிடம் சொன்னாள். நான்கு மணிக்கு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் மதியம், சொக்கம்மாள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெரினா வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரை பெருக்கித் துடைத்துக் கிடந்தது.

"ஒன் வூட்டப் பாத்தா எனக்கு இன்னும் வயிறு எரியுதுடி," என்றாள்.

"எரியட்டும் அக்கா," என்றாள் ஜெரினா, மெஷினிலிருந்து எழுந்திருக்காமல். "ஃபேன் போடட்டா?"

சொக்கம்மாள் உள்ளே போய், எதிர்ச்சுவருக்குப் பாதித் தூரத்தில் ஒரு இடம் பார்த்துப் படுத்து, மாலை வரை தூங்கினாள். மறுநாளும் வந்தாள். அந்த வருஷம் வீடு இன்னும் இரண்டு முழம் நீண்டது. ஹபீபுல்லா நீண்ட பக்கத்துக்கும் ஒரு ஃபேன் வாங்கி வந்தார். சொக்கம்மாள்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொன்னாள்.