ஆரஞ்சுத் தொப்பி

டெல்மர் ஹன்சேக்கர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. மறதியை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவருடைய கூட்டாளி ராய்ஸ். விடிந்தால் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் காலையில் ஊருக்கு வெளியே இருக்கும் சரளைக் குழிக்குப் போய், துப்பாக்கி குறி தப்பாமல் சுடுகிறதா என்று மூன்று குண்டு போட்டுப் பார்ப்பது இருவருக்கும் இருபத்தாறு வருடப் பழக்கம். குறிக் காகிதம் கொண்டுவருவது ராய்ஸின் வேலை. அவரோ பான்கேக் சாப்பிட்ட கடையிலேயே, சிரப் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஒரே ஒரு வேலை குடுத்தேன்டா ஒனக்கு," என்றார் டெல்மர்.

"பேப்பர் இல்லன்னா என்ன இப்ப? பாதி ஊரு வீட்டுச் சாமான் இங்கதான கெடக்கு. உனக்குச் சுடறதுக்கா பஞ்சம்?"

அது என்னவோ உண்மைதான். அமெரிக்காவின் தெற்கு ஐடஹோவில் அரசு நிலம் என்றால் எல்லோருக்கும் சொந்தம். கூட்டிப் பெருக்க மட்டும் ஒருவரும் கிடையாது. கெட்டுப்போன குளிர்பெட்டி, டிவி, சோபா எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து தள்ளுவார்கள். பிறகு அதையே சுட்டுச் சல்லடையாக்குவார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதாவது வந்து சேர்ந்திருக்கும். இந்த வருடம் ஒரு டிரெய்லர் வீடு. குழியின் மேற்குக் கரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு டயரில் காற்று இல்லை, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக அட்டை. பக்கத்தில் காரும் இல்லை, பிக்கப்பும் இல்லை.

ராய்ஸ் தூரக்கண்ணாடியை முக்காலியில் பொருத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டேய், வந்து பாரு. டிரெய்லர் பக்கவாட்டுல எவனோ ஆரஞ்சுத் தொப்பி ஒண்ண மாட்டி வெச்சிருக்கான்."

டெல்மர் குனிந்து பார்த்தார். தொப்பிதான்.

"நம்ம பசங்க வெள்ளிக்கிழமை பெல்லாமிக்காரனுங்கள ஓட ஓட அடிச்சானுங்கல்ல, அதுக்குத்தான்," என்றார் ராய்ஸ்.

பெல்லாமி பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பள்ளியின் கால்பந்து அணிக்கு ஆரஞ்சு நிறம். தோற்ற அணியின் தொப்பியைக் குழியில் மாட்டிவைத்துச் சுடுவது இந்த ஊர்ப் பையன்களின் திமிர். டெல்மரும் ராய்ஸும் அந்த வயதில் செய்யாததா?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டெல்மர் பத்தொன்பது வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். அதில் தேறாமல் ஒரு பிள்ளைக்கும் வேட்டை உரிமம் கிடைக்காது. "சுடுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?" என்று கேட்பார். "குறி என்ன, குறிக்குப் பின்னாடி என்ன," என்று முப்பது பிள்ளைகளும் கூரை அதிரக் கத்தவேண்டும். தேறியவர்களுக்குச் சொந்தக் காசில் ஆளுக்கோர் ஆரஞ்சுத் தொப்பி. காட்டில் ஆரஞ்சு தெரிந்தால் அங்கே மனிதன் இருக்கிறான் என்று அர்த்தம் என்பதை அவர் சொன்ன தடவைக்குக் கணக்கில்லை. அப்படிப்பட்டவருக்கு அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வரவில்லை. பெல்லாமிக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பின்னால் மண்கரை உயரமாக இருக்கிறது, குண்டு அதில் புதைந்துவிடும் என்று பார்த்துக்கொண்டார். தொப்பிக்கும் கரைக்கும் நடுவில் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

இருவரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டார்கள். இருநூறு கஜத் தூரம். டெல்மர் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை இழுத்துப் பாதி விட்டு, விசையை அழுத்தினார். நிதானமாக இன்னொன்று. அதே நிதானத்தோடு மூன்றாவது.

"மூணும் ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கும்டா," என்று ராய்ஸ் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார். "நாளைக்கு எந்த மான் பாவம் பண்ணிச்சோ." பிறகு அவர் குரல் நின்றது. காதடைப்பானைக் கழற்றிவிட்டு மறுபடியும் கண்ணாடிக்குள் பார்த்தார்.

"டெல்மர். கதவு தொறக்குது."

கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. டிரெய்லரின் கதவு ஒரு சாண் திறந்து, அதன் வழியே ஒரு கை வெளியே வந்தது. கையில் ஒரு வெள்ளைத் துணி. அந்தத் துணி மேலும் கீழும் ஆடியது.

துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை டெல்மரின் கைகள் தாமாகவே சரிபார்த்தன. பழகிய கைகள், அவருக்காகக் காத்திருக்கவில்லை.

ராய்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "வண்டில ஏறு," என்றார் மெதுவாக. "நம்ம யாருன்னு இவ்ளோ தூரத்துல தெரியாது."

டெல்மர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அறுபத்தோரு வயதில், தேய்ந்த முழங்காலோடு, ஓட ஆரம்பித்தார்.

அந்த இருநூறு கஜமும் எத்தனை உயிரைச் சுட்டோம் என்ற ஒரே கேள்விதான். குளிர்பெட்டியைத் தாண்டும்போது தடுக்கி விழுந்தார். உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. எழுந்து ஓடினார். "சுடல, சுடல, இனிமே சுடல," என்று கத்திக்கொண்டே ஓடினார்.

ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். ஒரு காலில் பூட்ஸ், மற்றக் காலில் ஒன்றும் இல்லை. துணியை இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தலாம் என்று அவளுக்கு யாராவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"அடி பட்டுச்சாம்மா? எங்க பட்டுச்சு?"

"தெரியல." அவள் தன் வயிற்றை, கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "படல போலருக்கு."

"உள்ள வேற யாரு?"

"யாருமில்ல. எம் புருஷன் பால் பண்ணைல ராத்திரி ஷிஃப்ட். பிக்கப்ப எடுத்துட்டுப் போயிருக்காரு. ஒம்பது மணிக்கு வந்துடுவாரு."

டெல்மர் வாசற்படியில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பெஞ்சு அகலத்துக்கு ஒரு படுக்கை. அதன் தலையணையில் மூன்று ஓட்டை. உள்ளங்கையால் மூடினால் மூடிவிடலாம். பஞ்சு போர்வை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"இன்னொரு பூட்ஸ காணோம்னு கட்டிலுக்கு அடியில தேடிட்டு இருந்தேன்," என்றாள் அவள். "மொத வெடிலயே கத்துனேன். நிறுத்துங்கன்னு கத்துனேன். நீங்க நிறுத்தல."

"காதடைப்பான் போட்டிருந்தோம்." அந்தச் சொல் அவருக்கே கூசியது.

ராய்ஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்காமலே ஜன்னல் வழியாக, "அதான் ஒண்ணும் ஆகலையே," என்றார். "கடவுள் காப்பாத்தினாரு. இத வெளிய சொன்னா உன் கிளாஸு போயிடும்டா, பேரு போயிடும்."

"ஷெரிஃபுக்குப் போன் பண்ணு. சுட்டது டெல்மர் ஹன்சேக்கர்னு சொல்லு. எழுத்து எழுத்தாச் சொல்லு," என்றார் டெல்மர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். தாடியும் தொப்பியுமாக நின்றவரை இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறாள்.

"ஹன்சேக்கர் சாரா? சார், நான் டெஸா. பன்னெண்டு வருஷம் முன்னாடி உங்க கிளாஸ்ல, மொத பெஞ்சு."

அவருக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனை பிள்ளைகள்! டிரெய்லரின் பக்கவாட்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்தார். அதன் முன்பக்கத்தில் மூன்று ஓட்டை. உள்ளே திருப்பினார். மங்கிப்போன மையில் அவருடைய கையெழுத்து: டெஸா, தேர்ச்சி. பெல்லாமியும் இல்லை, கால்பந்தும் இல்லை.

"வாடகை வீடு கெடைக்கிற வரைக்கும் இங்க இருக்கலாம்னு வந்தோம்," என்றாள் டெஸா. "அரசு நெலத்துல பதினாலு நாள் வரைக்கும் யாரும் தங்கலாம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காத்துக்கு மறைப்பா இருக்குன்னு கரைக்குக் கீழ நிறுத்தினோம். அப்புறந்தான் எல்லாரும் இங்க வந்து சுடுவாங்கன்னு தெரிஞ்சுது. டிரெய்லர் டயரு போச்சு, நகத்த முடியல. பயமா இருந்துச்சு. ஆரஞ்சு தெரிஞ்சா ஒருத்தனும் சுடமாட்டான்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதான் தேடி எடுத்து, சரியா நான் தல வெச்சுப் படுக்கிற எடத்துக்கு நேரா மாட்டினேன்."

டெல்மர் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக்குள் ராய்ஸ் போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"தப்பா மாட்டிட்டேனா சார்?" என்று கேட்டாள் அவள்.