பகுமே மாதத்து ஊழியன்

மெல்காமு இறந்த பிறகும் ஆண்டுக்கு ஐந்து நாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். எல்லாம் பகுமே மாதத்தில்தான். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் முடிந்ததும் புத்தாண்டுக்கு முன்னால் மிச்சமாக நிற்குமே, அந்தக் குட்டி மாதத்தில். விடிந்து இரண்டு மணி நேரத்தில் அடிஸ் அபாபாவின் மெகனாஞா ரவுண்டானா அருகே இறங்கி, நாலு மாடி ஏறி, சட்டைமேல் போட்ட கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன் நாற்காலியில் உட்காருவான். காரணம் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊழியர் வருகைக்கான புரோகிராமை எழுதியவனே அவன்தான். யாராவது போய்விட்டால், சம்பளம் உள்ள பன்னிரண்டு மாதத்திலும் அவர் பெயருக்கு நேராக ‘இல்லை’ என்று அது குறித்துக்கொள்ளும். பகுமேக்கு எங்கள் ஊரில் சம்பளம் கிடையாது. சம்பளமில்லாத மாதத்தை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? மெல்காமுவும் அதை விட்டுவிட்டான். அதனால் பகுமே பிறந்ததும் அவன் மறுபடி ஊழியனாகிவிடுவான், வாசல் கதவு அவனுக்குத் திறக்கும். வேறு கம்பெனிக்குத் தாவியவர்களின் பெயரும் அதே மாதிரி விட்டுப்போயிருந்தது. ஆனால் உயிரோடிருக்கும் யாரும் சும்மா வேலை செய்ய வரவில்லை.

திர்சிட் அவன் மனைவி, பக்கத்து மேசைக்காரி. நுரையீரலில் நீர் கோத்து அவன் போன முதல் வருஷம் அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் யாருக்கும் தெரியாது. பகுமே முதல் நாள் அவன் உள்ளே நுழைந்தபோது, “ஏன் இப்படி எளைச்சிட்ட?” என்று அவன்தான் அவளைக் கேட்டான். அன்றிலிருந்து அவள் வருஷம் முழுவதையும் அந்த ஐந்து நாளுக்காகவே சேர்த்து வைத்தாள். சொல்ல வேண்டிய சேதிகளையும் சண்டைகளையும் அடுக்கி வைத்திருப்பாள். அவன் கேட்டுக்கொண்டே வேலை செய்வான், காபி குடிப்பான், பொழுது சாய்ந்ததும் போய்விடுவான். வீட்டுக்கு மட்டும் வரமாட்டான். அவள் அதற்கும் பழகிக்கொண்டாள்.

நான்காம் வருஷம் கடல் கடந்த ஒரு பெரிய கம்பெனி புதிய கணினி மொழி ஒன்றை வெளியிட்டது. பெயர் டார்ன். அடிஸ் அபாபாவின் காபிக் கடைகளில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. டார்னைப் புகழ்ந்தவர்கள் தரைக்கு நாலு விரற்கடை மேலே நடந்தார்கள், பஸ் ஏறும்போது மட்டும் இறங்கிக்கொண்டார்கள். இருபது வருஷம் பழைய மொழியில் எழுதிய ஒருவருக்கு அறிவிப்பைப் படித்ததும் பேச்சு நின்றுபோனது. டார்னில் முதல் வரியை எழுதி முடித்த பிறகுதான் அவர் வாய் திறந்து காபி கேட்டார். “இன்னொண்ணா? அவங்களுக்கு சலிச்சுப்போறப்பல்லாம் நாம திரும்ப ஒண்ணாங்கிளாஸ்ல போய் உக்காரணுமா?” என்று கத்தியவர்களும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டார்ன் படித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் மிதந்தவன் பெக்காலு.

“தப்பு இருந்தா இது நகரவே நகராதுக்கா. ஓடறதுக்கு முன்னாடியே புடிச்சிரும்.”

“எல்லாத் தப்பையுமா?” என்றாள் திர்சிட்.

“ஒண்ணு விடாது.”

அவள் பக்கத்து மேசையின் காலி நாற்காலியைப் பார்த்தாள். நாங்கள் விற்கும் பஸ் டிக்கெட் புரோகிராம்களை மாற்றி முடித்ததும் முதலாளியம்மா வுபிட், வருகைப் புரோகிராமையும் டார்னுக்கு மாற்றச் சொல்லி அவளிடமே கொடுத்தார். “அவன் எழுதினது ஒனக்குத்தாம்மா புரியும்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். காய்ச்சல், கரண்ட் இல்லை என்று திர்சிட் நாளைக் கடத்தினாள். கடைசியில் எழுதி முடித்தபோது டார்ன் ஒரே ஒரு வரியில் சிவந்து நின்றது. பதின்மூன்றாம் மாதத்தில் மெல்காமு இருக்கிறாரா, இல்லையா என்று கேட்டது. பழைய மொழி அவளிடம் இதை ஒருநாளும் கேட்டதில்லை. ‘இருக்கிறார்’ என்று அடித்துப் பார்த்தாள். அப்படியானால் மற்றப் பன்னிரண்டு மாதத்திலும் இருக்க வேண்டும் என்றது. வருஷம் பூராவும்! விரல் விசைவரைக்கும் போய்விட்டது. ஆனால் அவனைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டுப் பகுமேக்குக் காத்திருந்தாள்.

அவன் வந்தான். சொல்ல வாய் வராமல் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் தேவதூதர் ரஃபேலின் திருநாள். அன்று பெய்யும் மழை புனிதம் என்று தெருவில் சனம் நனைந்துகொண்டிருந்தது. அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் அந்தச் சிவப்பு வரியைப் படித்தான், மறுபடி படித்தான். பிறகு சிரித்தான். கல்யாணத்துக்குப் பின் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

“அடப்பாவி, புடிச்சிருச்சே! பகுமேயை விட்டுட்டிருக்கேன் பாரு! யாரு திர்சிட்டு இதைச் செஞ்சது? என்னா மொழி!”

“அது தப்பு இல்ல, மெல்கா. அது நீ.”

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. ‘இருக்கிறார்’னு போட்டுடலாம், தினமும் வரலாம் என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்தக் கை மழையில் நனைந்தது போலக் குளிர்ந்திருந்தது.

“நாலு மாடி, திர்சிட்டு. ரொம்ப மூச்சு வாங்குது” என்றான். பிறகு தயங்கி, “அதுவும் இல்லாம, தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி விட்டுட்டுப் போறது?” என்றான்.

அவன் நல்ல புரோகிராமர். அவளும்தான், அதனால் விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் ‘இல்லை’ என்று அடித்தான். குறையில்லாவிட்டால் டார்ன் எதுவும் சொல்லாது. அது எதுவும் சொல்லவில்லை. அவள் நிமிர்ந்தபோது நாற்காலியில் யாருமில்லை, கோட்டும் இல்லை. பெக்காலு மூன்றாம் சுற்றுக் காபி கொண்டுவந்தான். அவன் கால்கள் தரையில் பட்டிருந்தன. பிறகு மெல்காமுவின் கோப்பையைத் தானே குடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். திர்சிட் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நாலு மாடிக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த பகுமேக்களில் யாரும் வரவில்லை. இப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லாம் டார்ன்தான். புதிதாகச் சேர்கிறவர்கள் அது எப்படி என்று திர்சிட்டிடம்தான் விசாரிக்கிறார்கள்.

“நல்ல மொழிதான்” என்பாள் அவள். “எதையும் விட்டுவைக்காது.”