என் முறையில் விழுந்த கிட்டார்

எங்கள் 'முகத்துவாரம்' குழுவின் லைவ் ஆல்பம் வெளியான அன்று, எங்கள் கிட்டார்காரன் வாசிக்காத இடத்தில் ஆறு நிமிடத்துக்கு அவன் கிட்டார் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரம்பாக்கம் கல்யாண மண்டபத்தில் ஒரு மத்தியானம் வாசித்ததைத்தான் பதிவு செய்திருந்தோம். ஏழடித் தாளத்தில் தொடங்கிப் பதினோரடிக்குத் தாவும் ப்ராக்ரெசிவ் ராக் எங்களுடையது. நடுவே, எழுதி வைக்காத பகுதி ஒன்று உண்டு. அதற்கு வழி சொன்னவள் நான். எங்கள் குப்பத்தில் ஏரியில் வலை போடுவதற்கு முறை உண்டு, பாடு என்போம். சீட்டு யாருக்கு விழுகிறதோ, அன்று அந்த இடம் அவருடையது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இன்னொருவர் அங்கே வலை இறக்கக் கூடாது. மேடையிலும் அப்படித்தான் செய்தோம். டிரம்ஸ் கூடவே ஓடும்; மற்றபடி ஒருவர் முறையில் மற்றவர் நுழைவதில்லை. பத்து நிமிட இசை இருபத்தைந்து நிமிடமாக வளர்ந்தது அதனால்தான். மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிக்கும் ஜாம் பேண்ட் என்று கேட்பவர்கள் எங்களைச் சொல்ல ஆரம்பித்ததும் அதனால்தான்.

அன்று என் முறை ஆறு நிமிடம். பேஸ் கிட்டாரோடு எங்கே போகிறேன் என்று தெரியாமல் இறங்கி, ஒரு மெட்டைக் கண்டுபிடித்தேன். அப்படி நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. ஆல்பத்தில் அதன் தலைமேல், கிட்டார்காரன் ஆதில் பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து வாசித்த கிட்டார் ஏறியிருக்கிறது. என் மெட்டை நானே தேடவேண்டியிருந்தது.

பழவேற்காட்டில் ஆதில் வீட்டு மாடியில்தான் எங்கள் பயிற்சி. விறுவிறுவென்று ஏறினேன். டிரம்ஸ்காரன் சஃப்வானும் இருந்தான்.

"என் முறையில நீ இன்னாத்துக்கு வாசிச்ச?"

"வெறும் பேஸ ஆறு நிமிஷம் யாரு கேப்பாங்க திவ்யா? நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றான் ஆதில்.

நல்லதாம். யாருக்கு நல்லது?

"லைவ்னு போட்டுக்கிறியே. அந்நேரம் நீ கைய கட்டிக்கினு நின்ன."

"கேக்குறவங்களுக்கு அது தெரியுமா இன்னா?"

"எனக்குத் தெரியும்" என்றான் சஃப்வான், தலையைத் தூக்காமல்.

"வெளிய வந்துடுச்சிப்பா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் ஆதில்.

பச்சைப் பொய். இணையத்தில் இருப்பதை எடுத்துவிட்டு வேறு போட அரை நாள் போதும். அவனுக்கு மனம்தான் இல்லை.

அடுத்தவர் முறையில் வலை இறக்கினவனிடம் எங்கள் ஊரில் யாரும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதில்லை. வலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தப்பைச் சரிசெய்தால்தான் திரும்பக் கிடைக்கும். ஆதிலின் கிட்டாரைக் கழற்றி, அதன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, தோளில் மாட்டினேன்.

"ஏய், ஞாயித்துக்கெழம பொன்னேரில ப்ரோகிராம் கீது."

"என் ஆறு நிமிஷத்த இருந்தபடி போடு. வந்து வாங்கிக்க."

"கிட்டார் இல்லாம என் முறையில இன்னா பண்ணுவீங்க?"

"சும்மா நிப்போம். உன் முறையில எவனும் உள்ள வர மாட்டான்."