தைக்காத ரவிக்கை

மண்டபம் பேசியாகிவிட்டது, மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது, பத்திரிகையும் பாதி ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மங்களம் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“நான் மேடை ஏற மாட்டேங்க. உங்க அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்துக் குடுக்கட்டும்.”

தேவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் பெண்ணின் கையைப் பிடித்து, நீர் விட்டு, மாப்பிள்ளையிடம் கொடுப்பது ஒரு ஜோடியாக இருக்க வேண்டும். மங்களம் நிற்காவிட்டால் தேவனும் நிற்க முடியாது. தினேஸ்வரி அவர்களுக்கு ஒரே மகள். அவளைப் பெற்றவர்கள் விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எல்லாம் அந்த இடது கையால் வந்தது. மங்களத்துக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில வருடங்களாகிவிட்டன. ஈப்போவில் ஒரு நிலையத்தில் அவள் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். ஊசி ஏற்ற வாகாக அந்தக் கையில் நரம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவை முழங்கைக்குக் கீழும் மேலும் கயிறு கயிறாகப் புடைத்து நின்றன. குட்டைக் கை ரவிக்கை போட்டால் ஊரே பார்க்கும். நீளக் கை இறுக்கும். அந்தக் கையில் எதுவும் இறுக்கக் கூடாது. லொடலொடவென்று தைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியைப் பார்த்ததும் மங்களம் கழற்றி எறிந்துவிட்டாள்.

புந்தோங்கில் புனிதாவின் கடைக்குப் போகலாம் என்றது தினேஸ்வரிதான். புனிதா கோலாலம்பூரில் ஆடை வடிவமைப்பு படித்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, மளிகைக் கடை ஒன்றின் மாடியில் தொழில் நடத்துகிறவள். தையல் கடை என்று எண்ணிப் படியேறிய தேவன், தையல் இயந்திரம் எங்கே என்று தேடினார். காணோம். சுவர் முழுக்கச் சட்டைகள், பைகள், சால்வைகள். எல்லாம் வெற்றிலை அளவுத் துண்டுகளால் ஆனவை. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிறு நாக்குகளும் அவை நுழையச் சிறு கீறல்களும் இருந்தன.

“இது என்னம்மா, நூலே காணோம்?”

“நூல் கிடையாது அண்ணே. இந்த நாக்க அந்தக் கீறலுக்குள்ள விட்டுத் திருப்பிட்டா பிடிச்சுக்கும். இழுத்துப் பாருங்க.”

தேவன் இழுத்தார். இழுக்க இழுக்க அது இறுகத்தான் செய்தது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. புனிதா சிரித்துக்கொண்டே ஒரு பையை எடுத்துப் பிரித்தாள். பேச்சு பேச்சாக இருக்க, விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள் அந்தப் பை கையில்லாத மேல்சட்டை ஆகிவிட்டது. இப்படி ஒரு வித்தையைப் பார்த்து வாய் பிளக்காதவன் மனிதனே இல்லை. தேவனும் பிளந்தார். உடனே மூடிக்கொண்டார்.

மங்களம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். “கை வீங்குனா?”

“ஒரு வரிசை சேத்துக்கலாம் அக்கா. வத்துனா எடுத்துடலாம். உங்க கை எப்படி இருக்கோ, அப்படி இது இருக்கும். துணிக்காக நீங்க ஏன் கஷ்டமும் சுசாவும் படணும்?”

மங்களத்திடம் அவ்வளவு அக்கறையாக எந்தத் தையற்காரரும் பேசியதில்லை. கண் கலங்கிவிட்டது.

முன்பு கையுறைத் தொழிற்சாலை வேலைக்குக் கட்டிக்கொண்டு போன நைலெக்ஸ் சேலைகளை மங்களம் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டவும் ஆளில்லை, தூக்கிப் போட்டால் மண்ணில் மக்கவும் மக்காத சேலைகள். புனிதா அவற்றை இரண்டிரண்டாக ஒட்டி, ஓரம் பிரியாமல் சூட்டிலேயே வெட்டினாள். கடுகு மஞ்சளும் செம்பழுப்பும் மாறி மாறி வந்த ரவிக்கைக் கை, மங்களத்தின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளவாக இறங்கியது. புடைப்பு இருந்த இடத்தில் ஒரு வரிசை கூடுதல். ஆனால் அது தெரியவே இல்லை. மிச்சத் துண்டுகளில் தேவனுக்குத் தோள்துண்டு ஒன்றும் செய்தாள். குடும்பமே ஒரே துணியில் நிற்பதுதானே இப்போது கல்யாண வீடுகளில் மோகம்.

“சரி, ஏறுறேன்,” என்றாள் மங்களம், கண்ணாடியை விட்டு நகராமல்.

அத்தோடு விட்டிருந்தால் தேவன் நல்லவர். ஆனால் அவர் கேமரன்மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக முட்டைக்கோஸ் ஏற்றி இறக்கும் லோரிக்காரர். அந்த வளைவுகளில் தார்ப்பாயை ஒரு முடிச்சோடு விட்டவன் சரக்கைப் பள்ளத்தில் தேட வேண்டும். இரண்டு முடிச்சு போட்டுவிட்டு மூன்றாவதும் போடுகிற ஜாதி அவர். கட்டாத ஒன்றை நம்ப அவருக்குத் தெரியாது. மேடையில், அத்தனை பேர் முன்னால், அது அவிழ்ந்து விழுந்தால்?

கல்யாணத்துக்கு முதல் நாள் மங்களம் நிலையத்துக்குப் போயிருந்தபோது, மனிதர் கோணி ஊசியையும் மீன் பிடிக்கிற நைலான் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரவிக்கைக் கையை நாக்கு நாக்காகக் குத்தி, இழுத்து, முடிச்சுப் போட்டார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாலையில் மங்களம் கையில் கட்டோடு வந்தாள். ஊசி நரம்பைத் தாண்டிவிட்டது. தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கை வீங்கியிருந்தது. எப்போதாவது அப்படி ஆவதுண்டு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் இறுக்கிவிடாதீர்கள் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“பரவால்லங்க. ஒரு வரிசை சேத்துக்கலாம்னு புனிதா சொல்லியிருக்கால்ல,” என்று மங்களம் அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

தேவன் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தார். விடிவதற்குள் வீக்கம் வற்றிவிடும் என்று வேண்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் படுத்துவிட்டார்.

வீக்கம் வற்றவில்லை. சிம்பாங் பூலாய் பக்கம், தோட்டம் வீடுகள் நிறைந்த தாமானாக மாறிய பிறகும் இருந்த இடத்திலேயே இருக்கும் கோயிலின் மண்டபத்தில், உடை மாற்றும் அறையில் புனிதா ரவிக்கையைக் கையில் எடுத்தாள். நாக்கைத் திருப்பப் பார்த்தாள். அசையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது யாரு வேலை?”

தேவன் தரையைப் பார்த்தார்.

மங்களம் அழவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. போய் உங்க அண்ணனக் கூப்பிடுங்க. நேரமாச்சு.”

வெளியே மேளம் தொடங்கிவிட்டது.

“கூப்பிட வேணாம் அண்ணே,” என்றாள் புனிதா. “இத அவுக்க இப்ப நேரமில்ல. இந்த ரவிக்கைக் கை போகட்டும். உங்க துண்டக் குடுங்க.”

தேவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புனிதாவே அவர் தோளிலிருந்து துண்டை உருவினாள். அதே அளவுத் துண்டுகள், அதே நாக்குகள். முரட்டு ஊசி படாதவை. தைத்த கையைக் கத்தரித்து எறிந்து, தோள் ஓரத்தில் புதுக் கீறல்கள் போட்டாள். ரவிக்கையை மங்களத்துக்கு மாட்டி, துண்டை ஒரு முனையில் பிரித்து அங்கே பூட்டத் தொடங்கினாள். கையைத் தூக்க வேண்டியதில்லை, எதற்குள்ளும் நுழைக்க வேண்டியதில்லை. வீங்கிய இடத்தைச் சுற்றி, மேலே படாமல், துணி தானாக வளர்ந்தது.

“சும்மா நிக்காதீங்க அண்ணே. மணிக்கட்டுப் பக்கம் நீங்க வாங்க.”

லோரிச் சக்கரம் கழற்றிய விரல்கள் முதல் நாக்கில் தடுமாறின. இரண்டாவது நுழைந்தது. மூன்றாவதைப் பூட்டியதும் பழக்கதோஷத்தில் இழுத்துப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. முடிச்சில்லாமல் ஒன்று இப்படிப் பிடிக்குமா! இதை யோசித்த மூளைக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. தன் தோளை விட்டு இறங்கிய துணி அவள் கையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். கடைசித் துண்டு மணிக்கட்டில் திரும்பியதும் மங்களம் விரல்களை மடக்கி நீட்டினாள்.

“இறுக்குதா?”

“இல்ல.”

“நெசமா?”

“வாங்க லா, புள்ள காத்திருக்கு.”

மேடையில் வெறும் தோளோடு நின்றார் தேவன். அவர் அண்ணன் அப்பாவு கீழேயிருந்து துண்டு எங்கே என்று சைகை காட்டினார். தேவன் கண்டுகொள்ளவில்லை. அவர் உள்ளங்கை மேல் மங்களத்தின் கை, அதன் மேல் தினேஸ்வரியின் கை. அவர் மறு கையில் பிடித்த செம்பிலிருந்து நீர் எல்லோர் கைமேலும் வழிந்து மாப்பிள்ளையின் கையில் இறங்கியது. ரவிக்கையின் விளிம்பு நனைந்தது, நெகிழவில்லை.

தினேஸ்வரி குனிந்த தலையை நிமிர்த்தாமல் மெல்லக் கேட்டாள். “அம்மா, கை வலிக்குதா?”

மங்களம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் எட்டியது.

“அட,” என்றாள், “அந்தக் கை இருக்கறதே மறந்துட்டேன்மா.”

செம்பில் இன்னும் நீர் இருந்தது. ஊற்ற வேண்டிய தேவன் அழுதுகொண்டிருந்தார்.